கண்ணாயிரத்தின் ரத்தத்தில் மீன்

அடி அண்ணாமலையில் கண்ணாயிரம் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கவுச்சி விட்ட கண்ணாயிரம் என்று சொன்னால் வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். ஊரில் கவுச்சியை விட்டவர்கள் எத்தனையோ பேர். மாலை போட்டதால் விட்டவர்கள், டாக்டர் மிரட்டியதால் விட்டவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு விட்டவர்கள். அவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் கறிக்கடை வரிசையில் கூச்சமில்லாமல் வந்து நின்றுவிட்டார்கள். கண்ணாயிரம் ஒருத்தர்தான் விட்டதை ஒரு பட்டம் மாதிரி பேருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு ஏழு வருஷமாக நடமாடிக்கொண்டிருந்தார்.

காரணமும் ஊரறிந்ததுதான். தொண்ணூற்றாறில் அவர் மனைவி ரேணுகாம்பாளுக்கு வயிற்றில் கட்டி என்று வேலூருக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே போகிறவள் திரும்பி வருவாளா என்று கேட்டதற்கு டாக்டர்கள் நேராகப் பதில் சொல்லவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர். கண்ணாயிரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, திருவண்ணாமலை எந்தத் திசை என்று வாட்ச்மேனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். இவளை எழுப்பிக் கொடுத்துவிடு, இந்த ஜென்மத்துக்கும் நான் கவுச்சி தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். ரேணுகாம்பாள் எழுந்தாள். நன்றாகவே எழுந்தாள்.

வேண்டிக்கொண்டவர் ஒருத்தர், விட்டவர்கள் இரண்டு பேர். ரேணுகாம்பாளுக்கு அப்படி ஒரு அவசியமே இல்லை. அதுவும் அவளுக்கு மீன் மேல் இருந்தது சாதாரண ஆசை அல்ல. கலியாணமாகி வந்த புதிதில் அவள் மாங்காய் கீறிப் போட்டு வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்ட மாமனார், அன்றைக்கு முழுக்க யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை என்று குடும்பத்தில் ஒரு கதையே உண்டு. மீன் தலையைக் கையில் எடுத்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். முள்ளை உறிஞ்சி வரிசையாகத் தட்டோரம் அடுக்குவாள். அப்பேர்ப்பட்டவள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மீன் சட்டியை நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். நீ ஏன் விடவேண்டும், நீ சாப்பிடு என்று கண்ணாயிரம் சொல்லிப் பார்த்தார். அவர் தன் உயிருக்காக வாயைக் கட்டியிருக்கும்போது தனக்கு எப்படித் தொண்டையில் இறங்கும் என்று அவள் கேட்டாள். தெருவில் மீன்காரர் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனால் உள்ளே போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பாள். தேய்த்த பாத்திரமாக இருந்தாலும் தேய்ப்பாள்.

இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்த மனிதர் என்ன செய்திருக்கவேண்டும்? அதை விடுங்கள். என்ன செய்தார் என்று சொல்கிறேன்.

கண்ணாயிரத்துக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் உத்தியோகம். ஐந்து வருஷம் வேண்டுதலை அப்பழுக்கில்லாமல் காப்பாற்றினார், அதை இல்லை என்று சொல்லக்கூடாது. அதற்குப் பிறகு ஆபீஸ் வேலையாக வாரத்தில் இரண்டு நாள் கீழ்பென்னாத்தூர் போகவேண்டி வந்தது. அங்கே பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் எல்லம்மாள் என்று ஒரு அம்மா மெஸ் வைத்திருந்தாள். கடலூரிலிருந்து விடியற்காலை வண்டியில் வருகிற மீனை வாங்கிக் குழம்பு வைப்பாள். அந்த அம்மாவுக்குக் கண்ணாயிரம் யாரென்று தெரியாது. சோற்றைப் போட்டதும், வழக்கம்போலக் குழம்பைக் கரண்டியில் மொண்டு இலைக்கு மேலே கொண்டுவந்தாள். வேண்டாம் என்று கையை நீட்டி மறைக்க ஒரு நொடி இருந்தது. கண்ணாயிரத்தின் கை மடியிலேயே கிடந்தது.

முதல் நாள் குழம்பு மட்டும்தான் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். குழம்பு என்ன, புளியும் மிளகாயும்தானே. அடுத்த முறை ஒரு துண்டு வந்தது. அப்புறம் வறுவல் வந்தது. சில மாதங்களில், அவர் தலையைக் கண்டதும் எல்லம்மாள் கேட்காமலே பெரிய துண்டாகப் பார்த்துத் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டாள். கவுச்சி விட்ட கண்ணாயிரம் வாரத்துக்கு இரண்டு நாள், சுவரைப் பார்த்த பெஞ்சியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு மத்தி மீன் தின்றார்.

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. நம் ஊரில் எல்லோரிடமும் உள்ள கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை கறி தின்றவன் திங்கட்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறான். சாமி அவனைத் திருப்பி அனுப்புவதில்லை. தலையில் தண்ணீர் விழுந்தால் தின்ற தீட்டு போயிற்று. கண்ணாயிரமும் கிராம்பை மென்றுகொண்டு பஸ் ஏறுவார், வீட்டுக்கு வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்வார். பஸ்ஸில் ஒரே புழுதி என்பார். ரேணுகாம்பாள் துண்டை எடுத்துக்கொடுப்பாள். குளித்த தலையோடு திருநீறு பூசும்போது மட்டும் கண்ணாடியைப் பார்க்கமாட்டார். அந்த வெட்கம் அவருக்கு இருந்தது. ஆனால் அடுத்த வாரம் வந்ததும் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறாமல் தடுக்கிற அளவுக்கு அது பெரிய வெட்கமாக இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் கவிநிலா வந்தாள். ரேணுகாம்பாளுடைய அண்ணன் மகள். அண்ணன் தமிழ்ப் பற்று மிகுந்த வாத்தியார், அதனால் அப்படி ஒரு பெயர். வேலூரில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அத்தை வீடு அவளுக்குத் தாய் வீடு மாதிரி. கண்ணாயிரத்தின் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பெண்.

நாம் சாப்பிடுகிற எண்ணெயும் கொழுப்பும் உடம்பில் நோயை எதிர்த்து நிற்கிற வெள்ளையணுக்களை எப்படி மாற்றுகின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. கடலூர்ப் பக்கம் தினமும் மீன் சாப்பிடுகிறவர்களிடம் ரத்தம் எடுத்தாயிற்று, கவுச்சியே தொடாமல் கடலை எண்ணெயில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் வேண்டும் என்றாள். கண்ணாயிரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பௌர்ணமிக்குத் தெருவில் சோறு போடுகிற அன்னதானக் குழுவில் கவுச்சி தொடாதவர்களை எல்லாம் திரட்டிக் கொடுத்தார். முதல் ஆளாகத் தானே சட்டைக் கையை மடித்துவிட்டார். ரேணுகாம்பாளும் கொடுத்தாள். ஊசி இறங்கும்போது அவள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

மீன் தின்கிறவர் எந்தத் தைரியத்தில் கையை நீட்டினார் என்று தோன்றும். அதுதான் சொன்னேனே, கணக்கு. ரத்தம் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கீழ்பென்னாத்தூரில் வெறும் ரசம் சாதம் தின்றார். அன்றைக்குக் காலையில் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினார். தின்றது செரித்துக் கழிந்து, மேலே தண்ணீரும் ஊற்றியாயிற்று, இனி என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தார். கலெக்டர் ஆபீசில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய மூளை.

கவிநிலா மறுபடி வந்தது ஒரு பௌர்ணமி நாள் மத்தியானம். கிரிவலம் போகிற கூட்டம் அப்போதே ரோட்டை நிறைக்கத் தொடங்கியிருந்தது. கண்ணாயிரம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, அடுப்பில் அண்டா ஏற்றி, சாம்பார் சாதம் வெந்துகொண்டிருந்தது. பௌர்ணமிதோறும் அந்தத் தெருக்காரர்கள் போடுகிற அன்னதானம். அதில் முதல் கரண்டி கண்ணாயிரம் கையால்தான் விழவேண்டும் என்பது குழு வைத்த வழக்கம். வேண்டுதலைக் காப்பாற்றுகிற கை அல்லவா. அவருக்குப் பக்கத்தில் நின்று ரேணுகாம்பாள் தயிர் சாதம் போடுவாள். பந்தி முடிந்ததும் செருப்பில்லாமல் மலை சுற்றக் கிளம்பிவிடுவாள். ஒரு பௌர்ணமிகூடத் தவறவிட்டதில்லை. உயிர் பிழைத்த நன்றிக்குச் சுற்றுகிறாள் என்று கண்ணாயிரம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வந்த பெண்ணின் முகத்தில் களையே இல்லை. ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ரேணுகாம்பாள் தலையைத் தடவி என்னவென்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. திருவண்ணாமலையில் எடுத்த ரத்தம் மொத்தத்தையும் கணக்கில் சேர்க்காதே, தூக்கிப் போடு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். ஒரு வருஷ உழைப்பு. இதில் ஒரு குழாயில் பெயர் மாறியிருக்கிறது, ஒன்று மாறினால் எல்லாமே மாறியிருக்கலாம், உன் கவனத்தை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டாராம்.

எந்தக் குழாய் என்று கண்ணாயிரம் கேட்டார். 

"உங்க பேரு போட்டதுதான் மாமா. அதுல கடல் மீனோட கொழுப்பு இருக்குது. கொஞ்ச நஞ்சம் இல்ல, கடலூர்க்காரங்க அளவுக்கு இருக்குது. உங்களுக்கு எப்பிடி வரும் அது?"

கண்ணாயிரம், ஒருவேளை என்றைக்காவது தெரியாமல் எதிலாவது பட்டிருக்கலாம், அது ரத்தத்தில் அப்படியே தங்கிவிடுமா என்று இழுத்தார். யாரோ ஒருத்தரைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். பாடம் சொல்வது என்றால் அவளுக்குத் துக்கம்கூட ஒதுங்கி நிற்கும்.

"சாப்ட்ட கொழுப்பு செரிச்சதோட போயிடறதில்ல மாமா. ஒவ்வொரு வெள்ளையணுவுக்கும் மேல ஒரு தோலு மாதிரி இருக்குது. அதைக் கட்டறதே நாம சாப்பிடற கொழுப்பை வச்சுத்தான். கடலை எண்ணெ சாப்ட்டா ஒரு மாதிரி கட்டும், மீன் சாப்ட்டா வேற மாதிரி கட்டும். ஆடு எந்தத் தழைய மேஞ்சுதுன்னு பால்ல வாசம் வருதில்ல, அந்த மாதிரி. ஒரு நாள் பட்டுதுன்னா இவ்ளோ ஏறாது. மாசக்கணக்கா சாப்ட்டிருக்கணும். நிறுத்தினாலும் உடனே போவாது, வாரக்கணக்குல கொஞ்சங் கொஞ்சமாத்தான் கம்மியாவும்."

கண்ணாயிரத்துக்கு விளங்கிவிட்டது. தலையில் ஊற்றிய தண்ணீரெல்லாம் தோலோடு வழிந்து போயிருக்கிறது. தின்ற மத்தி மீன் உள்ளே போய், அவருடைய அணுவுக்கே தோலாக மாறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மெஸ்ஸில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது, கிராம்பு மென்றது, கிணற்றடிக்கு ஓடியது எல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. இந்தப் பெண் முன்னால் நிற்கிறோமே என்று கூசியது.

கவிநிலா தயங்கித் தயங்கி அத்தையின் பக்கம் திரும்பினாள். அத்தையின் குழாய் சுத்தமாக இருந்தது, ஆனால் இரண்டு பேரிடமும் அடுத்தடுத்துத்தான் ரத்தம் எடுத்தேன், ஒருவேளை உங்கள் இரண்டு குழாய்க்குள் மட்டும் பெயர் மாறியிருந்தால் மற்றவர்களுடையது தப்பிக்கும் என்றாள். கோபித்துக்கொள்ளாமல் சொல்லவேண்டும், அத்தை எப்போதாவது வெளியில் மீன் சாப்பிட்டதுண்டா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரேணுகாம்பாள் புருஷனைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. கண்ணாயிரம் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா கண்ணு" என்றாள் ரேணுகாம்பாள். "நான்தான் சாப்ட்டேன்."

சரியாக அந்த நேரத்தில்தான் ராஜேந்திரன் வாசற்படியில் கால் வைத்தார். அன்னதானக் குழுவின் தலைவர். அண்டா இறக்கியாயிற்று, முதல் கரண்டிக்குக் கண்ணாயிரத்தைக் கூப்பிட வந்தவர். காதில் விழுந்துவிட்டது. மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் சாமி காரியம் என்றால் ஆளே மாறிவிடுவார். எங்கே, எத்தனை நாளாக என்று கேட்டார். அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வழியில் ஒரு கடையில் என்று ரேணுகாம்பாள் திக்காமல் சொன்னாள். ராஜேந்திரன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டுக்காரர் இவள் உயிருக்காக இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்யலாமா என்றார். இன்றைக்குப் பந்திப் பக்கம் வரவேண்டாம், தயிர் சாதத்தை வேறு யாராவது போட்டுக்கொள்வார்கள் என்றார்.

ரேணுகாம்பாள் தலையசைத்தாள். பரிமாறுவதற்காக இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துக் கீழே விட்டாள். கையில் வைத்திருந்த கரண்டியை ராஜேந்திரனிடம் கொடுத்தாள்.

கண்ணாயிரம் வாயைத் திறக்கவேண்டிய இடம் அது. உலகத்தில் எந்த ஆம்பளையாக இருந்தாலும் அந்த இடத்தில் திறந்திருப்பான் என்று நான் சொல்லமாட்டேன். நம்மில் பல பேர் தூணைத்தான் பார்த்திருப்போம். அவரும் தூணைப் பார்த்தார். ராஜேந்திரன் ஆறுதலாகத் தோளில் கைவைத்து, நீங்கள் வாருங்கள், உங்கள் மேல் என்ன தப்பு என்றதும், அந்தக் கையோடு நடந்து வெளியே போனார்.

போய் முதல் கரண்டியும் போட்டார். கற்பூரம் காட்டி, அரோகரா சொல்லி, வரிசையில் முன்னால் நின்றவருடைய தொன்னையில் சாதத்தை வைத்தார். எந்த ஊரோ, கால் வெடித்த ஒரு பெரியவர். புண்ணியவான், நீயும் உன் பெண்டாட்டியும் நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தினார். அடுத்த தொன்னை வந்தது. அதற்கடுத்தது வந்தது. பக்கத்தில் ரேணுகாம்பாள் நிற்கவேண்டிய இடத்தில் வேறு யாரோ நின்று தயிர் சாதம் போட்டார்கள். அக்கா எங்கே என்று தெருப் பெண்கள் கேட்பதும், ராஜேந்திரன் அவர்கள் காதில் ஏதோ சொல்வதும், அவர்கள் வாயில் கைவைப்பதும் கண்ணாயிரத்துக்குத் தெரிந்தது. ஒருத்தி தன்னைப் பார்த்து இரக்கமாகத் தலையை ஆட்டினாள். கரண்டியோடு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கவிநிலா அத்தையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வாய் வார்த்தையைப் பேராசிரியர் ஏற்கமாட்டார், இரண்டு பேரிடமும் இன்னொரு தரம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனால் நிரூபித்துவிடலாம், மீன் கொழுப்பு இப்போதும் அத்தையின் அணுக்களில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரேணுகாம்பாள் முடியாது என்றாள். ஊசி என்றால் பயமாக இருக்கிறது என்றாள். போன தரம் முகம் திருப்பாமல் கையை நீட்டியவள்.

கவிநிலா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அப்புறம் அவள் சொன்னது கண்ணாயிரத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

"பரவால்ல அத்தை. தப்பு என்னுதுதான். பேரு எழுதும்போது நான்தான் மாத்திட்டிருக்கேன். சார் சொன்னது சரிதான், எனக்கு இந்த வேலைக்குக் கவனம் பத்தாது."

ஐஸ் பெட்டியின் மூடி சாத்துகிற சத்தம் கேட்டது.

ஒருத்தி தன் மானத்தைக் கொடுத்துவிட்டாள். இன்னொருத்தி, தோளில் தூக்கி வளர்த்த பெண், தான் செய்யாத தப்பைத் தன் தலையிலேயே எழுதிக்கொண்டு வெறும் பெட்டியோடு பஸ் ஏறப் போகிறாள். அவர் சோறு போட்டுக்கொண்டு புண்ணியவான் பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறார்.  கண்ணாயிரம் கரண்டியை அண்டாவுக்குள் விட்டுவிட்டு நகர்ந்தார். முன்னால் நின்ற அம்மா தொன்னையை நீட்டியபடியே நின்றாள்.

கவிநிலா வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். கண்ணாயிரம் அவளுக்கு எதிரில் போய், பந்தலுக்கடியில் கிடந்த பெஞ்சியில் உட்கார்ந்து, சாம்பார் பட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை மேலே சுருட்டினார். என்ன மாமா என்று அவள் கேட்டாள்.

"எடு. எங்கிட்ட எடு. பேரெல்லாம் ஒண்ணும் மாறல. அது என் ரத்தந்தான். உங்க அத்தை நாக்குல ஒரு சொட்டு மீன் கொழம்பு படல, ஏழு வருஷமா. நான்தான் தின்னேன். வாரத்துக்கு ரெண்டு நாளு, கீழ்பென்னாத்தூர் மெஸ்ல."

குரல் கம்மியாகத்தான் வந்தது. ஆனாலும் பந்தல் முழுக்கக் கேட்டது. ராஜேந்திரன் பந்தியை விட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். தெருப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். இரக்கமாகத் தலையாட்டியவள் முகத்தைச் சட்டென்று வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். வெளியூர்க் கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஏன் நின்றுவிட்டது, போடுங்கள் என்று வரிசையில் குரல் கேட்டது. ராஜேந்திரன் போய்க் கரண்டியை எடுத்தார். கண்ணாயிரத்தின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

கவிநிலா பெட்டியைத் திறந்தாள். கைப்பட்டையை இறுக்கிக் கட்டினாள். கோபமா, துக்கமா, தன் வேலை பிழைத்துக்கொண்ட நிம்மதியா, மூன்றுமேவா என்று கண்ணாயிரத்துக்குத் தெரியவில்லை. மாமா என்று கூப்பிடவில்லை. விரலை மடக்குங்க, இப்போ விடுங்க என்று மட்டும் சொன்னாள். ரத்தம் குழாயில் ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லார் ரத்தமும் மாதிரி சிவப்பாகத்தான் இருந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்தது யார் என்று நிமிர்ந்து பார்த்தால், ரேணுகாம்பாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையை நீட்டினாள். இப்போது அவளுக்கு ஊசிப் பயம் இல்லை.

பெண்ணை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு கண்ணாயிரம் வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போவது கேட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்புக்கே வெட்கப்பட்டு வாளியைத் தள்ளி வைத்தார்.

ரேணுகாம்பாள் வந்து துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. அவள் திட்டவில்லை. உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று அவரேதான் கேட்டார்.

"உங்க சட்டைய நான்தானே துவைக்கிறேன்" என்றாள். "கிராம்பு போட்டா மறைஞ்சிடுமா. ரெண்டு வருஷமா தெரியும்."

அப்போதே ஏன் கேட்கவில்லை என்றார்.

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா? உசுரு என்னுதாச்சேங்க. யாரும் வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் சாமியும் கண்டுக்காதுன்னு நெனச்சேன். அதான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி போய், தெரியாம தின்னுட்டாரு, மன்னிச்சுடுன்னு கேட்டுட்டு வந்தேன்."

செருப்பில்லாமல் சுற்றிய சுற்றெல்லாம் அதற்காக. அதை நன்றி என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர் கண்ணாயிரம். அவள் பாதத்தைப் பார்த்தார். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. இவ்வளவு நாள் அதைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ரேணுகாம்பாள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மலை சுற்றக் கிளம்புகிறாள் என்று தெரிந்தது. இரண்டு அடி போனவள் நின்றாள்.

"என்ன மீனுங்க?" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அந்த மெஸ்ஸில் என்ன மீன் என்று கேட்டாள். மத்தி, சில நாள் கானாங்கெளுத்தி என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாங்கா போட்டு வச்சிருந்தாளா?"

பொய் சொல்லலாம். அதற்கும் இப்போது பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"போட்டிருந்தா."

 ரேணுகாம்பாள் நின்ற இடத்திலேயே ஒரு தரம் எச்சிலை விழுங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ணாயிரம் பார்த்தார். அப்புறம் அவள் வெறுங்காலோடு ரோட்டில் இறங்கிக் கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்தாள்.